ஒன்பதாவது ஆட்டம்

கடிதம் மூன்றே வரி.
வருகிற பருவத்திலிருந்து அவர்கள் கூட்டமைப்புக்குள்ளேயே
எட்டுக்குப் பதில் ஒன்பது ஆட்டமாம்.
ஆகவே செப்டம்பர் பன்னிரண்டு, சனிக்கிழமை
எங்களை அடிக்க அவர்களுக்கு நேரமில்லை.

வெல்டன் கல்லூரியின் விளையாட்டுத் துறையில் கணக்கு எழுதுகிறவள் நான்.
மிசௌரியில், ரயில் நிற்காத ஒரு ஊர்.
கால்பந்து என்றுதான் பேர், காலுக்கு அதில் வேலை கொஞ்சம்.
பந்தை நெஞ்சோடு அணைத்து ஓடுகிறவனைத்
தரையோடு தரையாக்க வேண்டும்.
எங்கள் பையன்கள் பெரும்பாலும் தரை.

வருடத்துக்கு ஒரு முறை
ஏழு மணி நேரம் பேருந்தில் போய்
எண்பதாயிரம் பேர் நடுவில் தோற்றுவிட்டு வருவார்கள்.
ஐம்பத்தாறுக்கு மூன்று.
அறுபத்து மூன்றுக்குப் பூஜ்யம்.
அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள்,
எங்களை அடித்த கை செக் எழுதியது.
எட்டு லட்சத்து ஐம்பதாயிரம் டாலர்.
வாங்கிய அடிக்கு ரசீது கொடுத்திருக்கிறேன்
பத்தொன்பது வருடம்,
நீல மையில், தேதி போட்டு.

அந்தப் பணம்தான் பெண்கள் நீச்சல் அணி.
அந்தப் பணம்தான் பேண்டுக் குழுவின் இரண்டு டியூபா,
உடைமாற்றும் அறையின் கூரை,
ட்ரூயெட் பாஸ்கமின் மேல்வரிசை முன்பற்கள்.
நாற்பத்தொன்பதுக்கு ஏழு, அந்த வருடம்.
அந்த ஏழு
அவன் தோளால் பிளந்த சந்து வழியாக வந்தது.
பல் போனதை ஆட்டம் முடிந்துதான் சொன்னான்,
சிரிக்கும்போது.

தொலைக்காட்சியில் டை கட்டியவர்களுக்கு ஒரே குதூகலம்.
பட்டத்துக்கான சுற்றில் முன்பு நான்கு அணி,
பிறகு பன்னிரண்டு,
இனிப் பதினாறு ஆகலாம், இருபத்து நான்கும் ஆகலாம்.
கதவு அகலமாகிறது என்கிறார்கள்.
யாருக்கு என்று கேட்பது என் தொழில் வியாதி.
பெரிய கூட்டமைப்புக்கு நான்கு இடம் நிச்சயம்,
அதன் பங்காளிக்கும் நான்கு,
எங்களைப் போல அறுபது சொச்சம் பேருக்குச் சேர்த்து ஒன்று.
அந்த ஒன்றுக்கும்
ஒரு குழு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து
யாரோடு மோதினாய் என்று பார்க்குமாம்.
யாரோடு மோதுவது?
அவர்களுக்குத்தான் சனிக்கிழமை ஒழியவில்லையே.

மைதானக்காரர் ஓர்வில் டெஷ் வந்து நின்றார்,
தொப்பி கையில்.
பன்னிரண்டாம் தேதிக்கு ஒன்றும் வேண்டாமா என்றார்.
புல்லை மட்டும் வெட்டுங்கள் என்றேன்.
புல்லை எப்படியும் வெட்டத்தான் வேண்டும் என்று
யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு மணிக்குத் தொலைபேசி.
கான்சஸிலிருந்து டெல்பர்ட் நூன்,
டன்பரி கல்லூரியின் விளையாட்டு இயக்குநர்.
உங்களுக்கும் கடிதம் வந்ததா?
வந்தது. மூன்று வரி.
எங்களுக்கு இரண்டுதான், என்றார், கொஞ்சம் வருத்தமாக.
அப்படியென்றால் நீங்களும் அன்று சும்மா.
வாருங்களேன்.
பணம் தர முடியாது.
சோளமும் ஹாட் டாக்கும் உண்டு,
படுக்க ஜிம்னாசியத் தரை உண்டு.

பேருந்து வாடகை, டீசல், கட்டுப்போடும் துணி,
காகித ஓரத்தில் கூட்டிக்கொண்டே கேட்டேன்.
ஒரு சந்தேகம், என்றார் டெல்பர்ட்,
இதில் தோற்பது யார்?

இரண்டு மாநிலமும் சற்று நேரம் பேசவில்லை.
இரண்டு ஊருக்கும் கைவந்த வேலை அது ஒன்றுதான்.
பிறகு அவர் சிரித்தார், நானும் சிரித்தேன்,
பல்லெல்லாம் பத்திரமாக இருக்கிறவர்களின் சிரிப்பு.

பேரேட்டைத் திறந்தேன்.
செப்டம்பர் 12. டன்பரி. வெளியூர்.
வரவு என்கிற பத்தியில்
பூஜ்யம் போடக் கை வரவில்லை,
பென்சிலால் ஒரு சின்னக் கோடு.

அப்போதுதான் வாசலில் குளோரின் வாசம்.
நீச்சல் பயிற்சியாளர் இமொஜென் ஸ்ட்ராண்ட்,
தலைமுடி இன்னும் ஈரம்,
கையில் புதிய மிதவைக் கயிறுகளின் விலைப்பட்டியல்.
நல்ல நேரம்தானே, என்றாள்.

வா, என்றேன்.
கதவைச் சாத்திவிட்டு வா.