இரண்டு புள்ளி ஏழு

ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்.
பதினோரு வருஷமாய் என் வசனம் இதுதான்.
தெலுங்கில் சொல்வேன், இந்தியில் சொல்வேன்.
காட்பாடியில் வந்திறங்கிய வங்காளிக்குக்
கன்னத்தை உப்பிக் காட்டுவேன்.
மூக்கில் கிளிப், வாயில் அட்டைக்குழல்.
ஆறு வினாடி தாண்டினால் போதும்,
இயந்திரம் பச்சைக் கோடு போடும்.
பீடி சுற்றியவர், தோல் ஷெட்டில் நின்றவர்,
நாலாவது வினாடியில் எல்லோரும்
என்னைக் கொலைகாரனைப் போலப் பார்ப்பார்கள்.

அன்று சனிக்கிழமை.
கோட்டைக்குள் இருக்கும் தேவாலயத்தில் கச்சேரி,
இலவசம். மின்விசிறிக்குக் கீழே இடமும் கிடைத்தது.

டிராம்போன் எனக்குத் தெரியும்.
என் கல்யாண ஊர்வலத்தில், லாங் பஜார் திருப்பத்தில்,
ஜெனரேட்டர் வண்டிக்கு முன்னால்
ஒருவர் அதை நீட்டி நீட்டி மடக்கினார்.
மாமன் ஒருத்தன் அதன் வாய்க்குள்
பத்து ரூபாய்த் தாளைச் செருகினான்.
சிரித்தோம்.

எமீமாள் சற்குணம் வந்து நின்றாள்.
ஐந்தடி இருப்பாள், செருப்போடு சேர்த்து.
முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு
பியானோப் பையனைப் பார்த்துத் தலையசைத்தாள்.
எப்போது தொடங்கினாள் என்று தெரியவில்லை.
அந்தக் கூடத்தில் ஏற்கெனவே இருந்த ஒன்றைக்
கொஞ்சம் கேட்கும்படி செய்தாள், அவ்வளவுதான்.

அந்தக் குழாயில் கோடு இல்லை, புள்ளி இல்லை,
இங்கே நிறுத்து என்று சொல்ல ஒரு துளைகூட இல்லை.
எண்ணெய் போட்ட பித்தளை.
ஒரு நெல் அகலம் தப்பினால் சுரம் வேறு.
தூக்கத்தில் எழுந்து
சுவிட்சைத் தேடாமல் தொடுகிறவள்போல
அவள் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தினாள்.

கடைசி நீட்டத்துக்கு அவள் கை எட்டாது.
தோள், இடுப்பு, இடது குதிகால் என்று
ஒரு முழம் வளர்ந்தாள்.
அடியில் கிடந்த சுரத்தை எடுத்துக்கொண்டு
மறுபடி ஐந்தடி ஆனாள்.

என் வேலைப் புத்தி எண்ண ஆரம்பித்தது.
ஒன்பது. பதிமூன்று.
ஒலி மெலிந்தது, நடுங்கவில்லை.
பதினேழில் நான்தான் மூச்சு வாங்கினேன், சத்தமாக.
முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார்.

நடுவில் ஒருமுறை, வளைவிலிருக்கும் சாவியை அழுத்தித்
தரையில் நாலு சொட்டு விட்டாள்.
எச்சில், என்று முகம் சுளித்தாள் பக்கத்து நாற்காலி.
எச்சில் இல்லைங்க, மூச்சு குளிர்ந்தா தண்ணி, என்றேன்.
அதில் எனக்கென்ன பெருமையோ.

மூன்று வாரம் கழித்து டோக்கன் நாற்பத்திரண்டு.
அவளேதான்.
வெளிநாட்டில் வாசிக்கப் போக ஏதோ சான்றிதழ்.
கிளிப்பை மாட்டும்போது என் விரல் வழுக்கியது.
கோடு திரைக்கு வெளியே போய்விடும் என்று நினைத்தேன்.

இரண்டு புள்ளி ஏழு லிட்டர்.

அவள் உயரத்துக்கும் வயதுக்கும்
அட்டவணை சொல்வது அதே.
எதிர்வீட்டுக் கணக்கு டீச்சருக்கும் ஏறக்குறைய அதே.
விதிப்படி மூன்று தரம் ஊதச் சொன்னேன்,
நாலாவது தரம் என் ஆசைக்கு.
இரண்டு புள்ளி ஏழு.

"கம்மியா?" என்றாள்.
"இல்லைங்க. எல்லாருக்கும் இருக்கிறதுதான்."
சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.
தாளை வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டு
லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கினாள்.

நாற்பத்து மூன்று, பேர்ணாம்பட்டுக்காரர்.
குழலைக் கவ்விக்கொண்டு என்னைப் பார்த்தார்.
மெதுவா, என்றேன், அவசரமே இல்லை, மெதுவா விடுங்க.
அவர் விட்டார், அத்தனை மெதுவாக.
திரையில் சிவப்பு.
மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.