இருபத்து நான்கு

அணியை விற்றது ஒரு ஜூன் மாதம்.
மாங்கூழ் ஆலைகள் ராத்திரியும் ஓடிய மாதம்.
கிருஷ்ணகிரி முழுக்க இனிப்பு வாடை,
யாருக்கும் சோறு இறங்கவில்லை.
பையன்களை ஏற்றிய பேருந்து
சுங்கச்சாவடி வரிசையில் நின்று
மற்ற வண்டிகளைப் போலவே காசு கட்டி
மங்களூர் போனது.
அங்கே கருங்கல் நிறச் சட்டையைக் கழற்றி
கடல் நிறத்தில் ஒன்றை மாட்டிக்கொண்டார்கள்.

அந்த வருஷமே கோப்பையும் வாங்கினார்கள்.
பழையபேட்டை சலூனில் சிக்கந்தர் டிவியை அணைத்தார்.
பாதிச் சவரத்தில் எழுந்து போனார் ஒருவர்.

நான் மின்வாரியத்தில் ரசீது கிழிக்கிறவள்.
ஆட்ட நாள் மாலைகளில்
கோட்டுக்கு வெளியே மேசை போட்டு
இருபத்து நான்கிலிருந்து கீழே எண்ணுகிறவள்.
நொடியக்கா என்றால்தான் தெரியும்.
ஆறடி ஏழு அங்குலத் திம்மராயன்
பந்தைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்ப்பான்,
கடிகாரத்தைப் பார்க்கமாட்டான்.
எத்தனை மிச்சமென்று என் முகத்தில் ஓடுமாம்.

அவர்கள் போனபின் அரங்கத்தில்
தக்காளிக் கூடைகளை அடுக்கினார்கள்.
'கூடைப்பந்து அரங்கம்தானே,
கூடை இருந்துட்டுப் போகட்டும்' என்றார் கவுன்சிலர்.
பிறகு தடுப்பூசி முகாம்,
பிறகு வாக்கு எண்ணிக்கை,
மழைக்கு ஒதுங்கிய ஒரு கல்யாணம்.
வடக்கு வளையத்தின் வலையை
யார் அறுத்துக்கொண்டு போனார்களோ.

லீக்கில் இரண்டு இடம் காலியாம்.
பதினோரு வருஷத்தில் இது நான்காவது 'காலியாம்'.
முதல் தடவை பட்டாசு வெடித்தோம்.
அடுத்ததற்கு மனு.
கையெழுத்துப் போட்டவர்களில் சிலர் இறந்துபோனவர்கள்.
இருந்தால் வந்திருப்பார்கள் என்று
அடிக்காமல் விட்டோம்.
மூன்றாவதற்கு, கண் பட்டுவிடுமென்று
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
இந்தத் தடவை போட்டி ஓசூரோடு.
ஓசூரில் தொழிற்சாலைகள் உண்டு,
விமானம்கூட வருமாம்.
எங்களுக்கு அணை இருக்கிறது, மலை இருக்கிறது,
எல்லாத் திசைக்கும் சாலை இருக்கிறது.
போவதற்கென்றே கட்டின ஊர் என்று
நாங்களே சொல்லிச் சிரித்துக்கொள்கிறோம்.

குழு வந்தது செவ்வாய்க்கிழமை.
மூன்று பேர், ஒரு லேசர் அளவுகோல்.
கூரை உயரம், படிகளின் அகலம், கழிப்பறை.
நகராட்சி விடியற்காலை அடித்த பெயிண்ட்
ஒருவர் பேண்ட்டில் ஒட்டிக்கொண்டது.
'ஊர்ல ஆதரவு எப்படி?'
சிக்கந்தர் பதில் சொல்லவில்லை.
ஏணிமேல் நின்று
வாயில் கயிற்றைக் கடித்துக்கொண்டு
வடக்கு வளையத்துக்கு வலை கட்டிக்கொண்டிருந்தார்.

பரணிலிருந்து இறக்கிய பெட்டியை
பிளக்கில் சொருகினேன்.
கொஞ்சம் யோசித்தது.
பிறகு சிவப்பாய், 24.
குழுவில் இளையவர் குனிந்து பார்த்தார்.
'பழைய மெஷின் மேடம். இப்ப விதி மாறிடுச்சு.
வளையத்துல பட்டுத் திரும்பி
நம்ம கைக்கே வந்தா பதினாலு நொடிதான்.
இது முழுசாக் குடுக்குது.'
'தெரியும் தம்பி' என்றேன்.

முடிவு அடுத்த மாதமாம்.
கார் ஓசூர்ப் பக்கம் திரும்பியதை
எல்லோரும் பார்த்தோம்.
பெங்களூரும் அந்தப் பக்கம்தானே
என்றார்கள் பின்னாலிருந்து.

பெட்டியை அணைக்க உள்ளே வந்தேன்.
உருது பள்ளிச் சீருடையில் ஒரு பெண்,
எங்கிருந்து எடுத்தாளோ, தோல் உரிந்த பந்து.
என்னைப் பார்த்தாள்.
கை தானாய்ப் பொத்தானை அமுக்கியது.
இருபது. பதினைந்து.
தட்டினாள், நின்றாள், மறுபடி தட்டினாள்.
ஆறு. ஐந்து.
எறிந்தாள்.
வளையத்தில் டங்கென்று மோதி
உயர எழும்பிய பந்தை
அவளே ஓடிப்போய்ப் பிடித்தாள்.

விதிப்படி பதினான்கு.
என் பெட்டிக்கு அந்த விதி தெரியாது.

24.