கையுறை இரண்டு சோடி

லூனன்பர்க், நவம்பர். நாலரைக்கே இருட்டு.
பருத்திக் கையுறை போட்டால்தான்
இந்தக் கடைக் கணக்கேட்டைத் தொடலாம்.
மீன்பிடிப் பாய்க்கப்பல் 'லெட்டி மாரியட்',
ஜூலை, நாற்பத்திரண்டு:
உப்பு பதினெட்டுப் பீப்பாய், தேயிலை, புகையிலை,
கம்பளிக் கையுறை இரண்டு சோடி, ஹீபர் நிக்கில், கடன்.
அதன் பிறகு ஒரு சிவப்புக் கோடு.
கோட்டுக்குக் கீழே அவர்களுக்கு எதுவும் தேவைப்படவில்லை.

ஆள்கணக்கில் எட்டுப் பேர்.
தேவாலயக் கல்லில் ஒன்பது.
மூன்று வாரம் அலைந்தேன் அந்த ஒன்பதாவதற்கு:
சமையற்காரனுக்கு எடுபிடி, ஆல்டன் வென்ட்செல்,
பதினான்கு வயது, பதினேழென்று சொல்லி ஏறியவன்.
பள்ளி இடாப்பில் அவன் பெயருக்கு நேரே
செப்டம்பர் முழுக்க, அக்டோபர் பாதி வரை
வரவில்லை, வரவில்லை, வரவில்லை என்று
யாரோ ஓர் ஆசிரியை எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

காப்புறுதிக் கம்பனி கேட்டது ஒரே கேள்வி:
கடல் ஆபத்தா, போர் ஆபத்தா?
புயலென்றால் ஒரு தொகை.
பீரங்கியென்றால் அது வேறு கந்தோர்.
ஹீபரின் மனைவி ஐடா பென்சிலால் எழுதினாள்:
"ஐயா, அன்று காற்றே இல்லை.
என் கொடியில் துணி அசையாமல் தொங்கியது."
பதில் தட்டச்சில் வந்தது:
எதிரியைக் கண்டவர் எவருமில்லை.

கண்டவர்கள் ஒன்பது பேர்.

சிறுதோணி ஒன்று மட்டும் கரையொதுங்கியது.
ஓடாவி அதன் ஏழு ஓட்டைக்கும்
மரமுளை அறைந்து, தார் பூசி, மஞ்சள் தீட்டி
இருபது டொலருக்கு விற்றான்.
இன்னும் பன்னிரண்டு வருடம் அது மீன் பிடித்தது.
இப்போது களஞ்சியத்தில் குப்புறக் கிடக்கிறது,
இலக்கத் துண்டோடு.

கையுறையைக் கழற்றினேன். தப்பு, தெரியும்.
வெளியே வழுவழுப்பு. உட்புறம் இன்னும் சிலாம்பு.
ஆறு முளை ஒரே வரிசையில், தையல் போல.
ஏழாவது தள்ளி, அணியத்தில்,
சின்ன ஆள் ஒருவன்
முழங்காலைக் கட்டிக்கொண்டு பதுங்கக்கூடிய இடத்தில்.

என் படிவத்தில் 'காரணம்' என்றொரு பெட்டி.
சித்தப்பாவின் மரணச் சான்றிதழிலும் இருந்தது,
அதற்குள் ஒரே சொல்: கடல்.
எங்கள் கரையிலும் அன்று சோளகம் எழவில்லை.
வள்ளமும் வரவில்லை, ஓட்டை எண்ணிப் பார்க்க.

வில்மா சாவியோடு வாசலில் நிற்கிறாள்.
'எதிரி' என்று எழுதினேன்.
நானும் பென்சிலால்தான்.

ஏட்டை மூடும்போது கண்ணில் பட்டது,
சிவப்புக் கோட்டுக்கு வெகு கீழே,
டிசம்பரில், வேறு மையில்:
கையுறை இரண்டு சோடி. ஐடா நிக்கில். தீர்ந்தது.