இரண்டு அலகு தூரம்

மாதக் கடைசியில்
பாறை உச்சிக்கு ஏறி உட்கார்ந்து
தீவின் வரைபடத்தில்
பறவை இருக்கும் இடத்தையெல்லாம்
கரிக்கோலால் கறுப்பாக்குவேன்.
அதற்குத்தான் சம்பளம்.
எவரிஸ்தோ காச்சா, காவலாளி,
சான் தெல்மோ தீவு, பெரு.

தலை எண்ணி மாளாது.
நீர்க்காகம் ஒன்று இறங்கும்போது மூன்று எழும்பும்.
கறுப்பை அளந்துகொள்,
சதுர மீட்டருக்கு மூன்று கூடு,
பெருக்கினால் போதும் என்றாள்
லீமாவிலிருந்து வந்த ஆய்வாளர் சோய்லா அர்பூலு.
ஏன் மூன்று?
போய்ப் பார் என்றாள்.

பார்த்தேன்.
கூட்டில் இருந்தபடியே கழுத்தை நீட்டி
இவள் கொத்தினால் அவள்மேல் படக்கூடாது,
அவள் கொத்தினால் இவள்மேல்.
இரண்டு அலகு தூரம்.
தீவில் வேறு வேலி இல்லை.

நல்ல ஆண்டில் அந்தக் கறுப்பு
வடக்கு முனையிலிருந்து கசிந்து
என் குடிசைப் படிவரை வரும்.
கதவைத் திறக்க வழியில்லாமல்
ஜன்னலால் இறங்கியிருக்கிறேன்.
தெற்குச் சரிவு முழுக்கக் காலி,
இன்னும் இரண்டு மடங்கு பெருகும் என்று
அப்போது கணக்குப் போட்டேன்.
பாறையை வைத்துப் போட்ட கணக்கு.
கடலை, நெத்திலியை,
நான் சேர்க்கவே இல்லை.

மார்ச்சில் தண்ணீர் வெதுவெதுத்தது.
வாளியில் மொண்டபோது கைக்குத் தெரிந்தது.
குளிர் தேடி நெத்திலி கீழே போயிற்று,
எந்த முக்குளிப்புக்கும் எட்டாத ஆழத்துக்கு.
மூன்றாம் நாள் பெரியவை கிளம்பின,
கறுப்புக் கயிறு ஒன்றை யாரோ
தெற்கே இழுத்துக்கொண்டே போவதுபோல.
குஞ்சுகள் வாய் திறந்தபடி நின்றன.

செத்ததை எண்ணுவது சுலபம். அசையாது.
எண்ணினேன். எழுதினேன்.
பிறகு இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை.

நோட்டில் நான்கு கட்டம்:
பிறந்தது, வந்தது, இறந்தது, போனது.
கிளம்பிப் போனவை
வேறு கரை சேர்ந்தனவா,
வழியிலேயே கடலில் விழுந்தனவா,
மூன்றா, நான்கா?

கார்வாஸுக்கு மேலே எங்கள் ஊரில்
குடிக்கணக்கு எடுக்க வந்த பையன்
அம்மாவைக் கேட்டானாம், பிள்ளைகள் எத்தனை என்று.
ஐந்து.
நிகானோர் எங்கே?
சீலேவுக்குச் சுரங்க வேலைக்குப் போனான்,
பதினோரு வருஷம், ஒரு வரி இல்லை.
இறப்பா, இடப்பெயர்வா?
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவன்.
அவித்த உருளைக்கிழங்கை அவன் பக்கம் நகர்த்தி
ஆறிவிடும், சாப்பிடு என்றாளாம்.

நான் 'போனது' என்றே போட்டேன்,
எல்லாவற்றையும்.
சோய்லா திருத்துவாள். திருத்தட்டும்.

இப்போது ஜூலை, கடல்மூட்டம்.
மூன்று மாதமாக வரைபடம் வெள்ளை.
நேற்று வடக்கு முனையில்
கரிக்கோலின் ஒரு குத்து அளவுக்குக் கறுப்பு.
பெருக்கத் தேவைப்படவில்லை,
தலை எண்ணினேன்: பதினேழு.
பழையவையா, புதியவையா, தெரியாது.
தீவே காலியாகக் கிடக்க
ஒன்றுக்கொன்று இரண்டு அலகு தூரத்தில்
நெருங்கி உட்கார்ந்திருந்தன.