விடுபட்ட டாலர்

சாஸ்கட்டூனில் அந்த வாரம் மைனஸ் முப்பத்தாறு.
கார்களெல்லாம் மூக்கில் வயர் செருகி
மின்சாரம் குடித்தபடி உறங்கின.
நான் விழித்திருந்தேன், ஒரு வெப்பச் சமன்பாட்டோடு.

ஆறு உறைவதுதான் என் ஆய்வு.
பனிக்கும் நீருக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது.
அது நகரும்.
எங்கே நிற்கும் என்பதையும் சேர்த்தே
விடை காண வேண்டும்.
கணிதத்தில் அதற்குக் கட்டற்ற எல்லை என்று பெயர்.

நூற்று நாற்பதாம் பக்கத்தில்
சோதனைக் காலம் முடிந்தது என்றது மென்பொருள்.
சமன்பாடுகள் சாம்பல் பெட்டிகளாயின.
தொட்டால் விலைப்பட்டியல் திறந்தது.
வங்கியில் நாற்பத்தொரு டாலர்,
மாதம் முடிய ஒன்பது நாள்.

பக்கத்து மேசை தாராஸ்.
ரோஸ்தெர்ன் பக்கம் அவன் அப்பா விதைப்பது
நம் மைசூர் பருப்பு.
மைசூருக்கும் அதற்கும் என்ன உறவென்று
அவனுக்கும் தெரியாது, எனக்கும்.
"இதை இறக்கிக்கொள்" என்றான்.
எவ்வளவு?
"ஒன்றுமில்லை."
சரி, முதல் மாதம். பிறகு?
"பிறகும் ஒன்றுமில்லை."
இந்த முப்பத்தொரு வயதுக்குள்
பிறகும் ஒன்றுமில்லை என்ற கடையை
நான் கண்டதில்லை.

அதில் அலங்காரம் கிடையாது.
தொகையீடு வேண்டுமென்றால்
ஒரு சாய்கோடு போட்டு
பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.
பெயர் பிசகினால் வராது, கோபித்துக்கொள்ளும்.
ஒவ்வொரு சமன்பாட்டுக்கும்
முன்னால் ஒரு டாலர் குறி, பின்னால் ஒன்று,
வாசலில் இரண்டு காவலர் போல.

நான்கு இரவு, மறுபடி முதலிலிருந்து.
மூன்றாம் இரவு இரண்டரை மணிக்கு
ஒரு காவலரை மறந்தேன்.
திரையில் செய்தி:
விடுபட்ட டாலர் செருகப்பட்டது.

ஆளில்லாத ஆய்வகத்தில் வாய்விட்டுச் சிரித்தேன்.
விசா நீட்டிப்புக்காரர்கள்,
வீட்டுக்காரர் திரு. பெல்டியே,
கடைவாய்ப் பல்லைப் பார்த்துத் தலையசைத்த மருத்துவர்,
ஒருவரும் இந்த வாக்கியத்தை
என்னிடம் சொன்னதில்லை.

உள்ளே போய்ப் பார்க்கலாம், பூட்டு இல்லை.
போனேன்.
நிரல் நடுவே யாரோ எழுதி வைத்திருந்தார்:
"இந்த வரி ஏனென்று மறந்துவிட்டது.
எடுத்தால் எல்லாம் நிற்கும். எடுக்காதீர்கள்."
அடியில் இன்னொருவர்:
"எடுத்துப் பார்த்தேன். உண்மைதான்."
இரண்டு குறிப்புக்கும் நடுவே பதினோரு ஆண்டு.
அவர்கள் சந்தித்திருக்கவே மாட்டார்கள்.

கடைசி இரவு முழு நூலையும் ஓட்டினேன்.
தேற்றம் ?? சொல்வதுபோல,
படம் ?? காட்டுவதுபோல,
பக்கமெங்கும் இரட்டைக் கேள்விக்குறி.
கை நடுங்க தாராஸுக்குப் போன் போட்டேன்.
"இன்னொரு முறை ஓட்டு"
என்று சொல்லித் தூங்கிப்போனான்.

முதல் ஓட்டத்தில் அது சுற்றிப் பார்த்து
எது எங்கே என்று குறித்துக்கொள்ளுமாம்.
இரண்டாம் ஓட்டத்தில்தான் வாய் திறக்குமாம்.
இந்த ஊரில் என் முதல் குளிர்காலத்தில்
எட்டாம் நம்பர் பஸ் எங்கே நிற்கும் என்று
யாரோ என்னிடம் கேட்டார்கள்.
நானும் அன்று ?? தான்.

ஓட்டினேன்.
எல்லாம் எண்களாகின, ஒன்றைத் தவிர.
நன்றியுரையில் நானே எழுதியிருந்தேன்:
இதைச் செய்து கொடுத்தவர்களின் பெயர்கள்
பின்னிணைப்பு ?? இல்.
அந்தப் பின்னிணைப்பை நான் எழுதவே இல்லை.
பெயர்களின் கோப்பு நீண்டுகொண்டே போனது,
பாதிப் பேர் வெறும் முதலெழுத்துகள்.
அப்படியே விட்டுவிட்டேன்.
மேற்பார்வையாளர் பென்சிலால் வட்டமிட்டு
"யார்?" என்று கேட்டிருக்கிறார்.

அச்சுப்பிரதியைக் கொடுத்துவிட்டு
பாலத்தில் நடந்தேன்.
தடுப்பணைக்குக் கீழே மட்டும் நீர் உறையவில்லை,
ஆவி பறந்தது.
பனியின் விளிம்பு
நான் கணித்த இடத்திலிருந்து
நான்கு மீட்டர் தள்ளி நின்றது.

கையுறையைக் கழற்றி
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்: நான்கு.
இன்னொரு முறை ஓட்ட வேண்டும்.