ஒன்று புள்ளி நான்கு

ஐம்பதா முப்பத்தைந்தா என்று
மூன்று இரவு தூக்கமில்லை.
இரவு என்பது பேச்சுக்கு. வார்டோவில்
நவம்பர் கடைசியில் இறங்கும் சூரியன்
ஜனவரியில்தான் மறுபடி தலை காட்டும்.

ஐம்பது அழகு. முகத்தை முகமாகவே வைக்கும்.
ஆனால் எய்லர்ட்டின் சமையலறை இரண்டரை மீட்டர்.
நாடா பிடித்து அளந்தேன்:
ஐம்பதை மாட்டினால்
நான் குளிர்பெட்டிக்குள் நின்றுதான் எடுக்கவேண்டும்.

முப்பத்தைந்தை
கிர்கெனெஸ் பெட்ரோல் நிலையத்தில்
எஞ்சினை அணைக்காமலே டிக்கியைத் திறந்து விற்றான்
ஹால்வர் என்றொருவன்.
கையுறையைக் கழற்றி வளையத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
முன் கண்ணாடியில் ஒரு கீறல், நகத்துக்குத் தட்டுப்படாத அளவு.
"துருவ ஒளி பிடிக்கவா?"
"இல்லை. ஒருவர் பேசுவதை."
"பேச்சுக்கு மைக் அல்லவா வாங்கவேண்டும்!"
சிரித்த சிரிப்பில் நூறு குரோனர் குறைத்தான்.

முழுசாகத் திறந்தேன். ஒன்று புள்ளி நான்கு.
மேசைமேல் இருந்த ஒற்றை விளக்கு
நானே போதும் என்றது.
ஜன்னலுக்கு வெளியே துறைமுக விளக்குகள்
வட்ட வட்டமாக உப்பிப் பழுத்தன.
இமை மயிரை எண்ணலாம்.
அவர் முன்னே சாய்ந்தால் ஃபோகஸும் சாய்ந்தது,
பின்வாங்கினால் வாங்கியது,
சத்தமே இல்லாமல், கண்ணைவிட்டு நகராமல்.
கொடுத்த காசுக்கு மேலே வந்துவிட்டது என்று
அன்று வீட்டில் தனியாக விசில் அடித்தேன்.

மறுநாள் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன்.
நாற்பது நொடி பார்த்தார்.
பிறகு, எனக்குப் புரியும் வேகத்தில்,
கைகளால் சொன்னார்:
"என் வாயைக் கட்டிவிட்டாயே."

பிறந்ததிலிருந்து காது கேளாதவர் எய்லர்ட்.
காட் மீன் படகில் முப்பத்தொரு வருஷம்.
அவர் சொல்வதெல்லாம் மார்புக்கு ஒரு சாண் முன்னால்
காற்றில் நடக்கும்.
நான் தேடி வாங்கிய லென்ஸ்
கண்ணை மட்டும் கத்தியாகத் தீட்டிவைத்து
பேச்சு முழுவதையும் கரைத்திருந்தது.
பத்து விரலும் வெண்ணெய்.

அவர் மகள் தோர்டிஸ் கேட்டாள்:
"காது கேட்பவரின் பேட்டி என்றால்
அழகுக்காக ஒலியைக் குறைப்பாயா?"
மூடியைத் தேடுவதுபோல் பைக்குள் குனிந்தேன்.

துளையைச் சுருக்கினேன்.
இரண்டு. இரண்டு புள்ளி எட்டு. நான்கு.
ஒவ்வொரு சொடுக்குக்கும் பாதி வெளிச்சம் போனது.
விரல் போகும் வேகத்துக்கு ஐம்பதில் ஒன்று இழுசியது;
ஷட்டரை நூறில் ஒன்றாக்கினேன், இன்னொரு பாதி.
ஐஎஸ்ஓவை ஏற்றிப் பார்த்தால்
சுவரெங்கும் ரவை கொட்டிக் கிடந்தது.

வெளிச்சம்தானே, என்று எழுந்தார் எய்லர்ட்.
குளிர்பெட்டிக் கதவை அகலத் திறந்தார்.
பால் அட்டைப்பெட்டியைத் தள்ளிவைத்தார், விளக்கை மறைக்கிறதாம்.
நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.
தோர்டிஸ் அடுப்புக்கு மேலிருந்த விளக்கைப் போட்டாள்,
குளியலறையிலிருந்து ஒன்றைக் கழற்றியே கொண்டுவந்தாள்.
பெட்டி உறுமியது. மைக்குக்குத் தொல்லை, அவருக்கு என்ன?
திறந்த கதவுக்கும் முக்காலிக்கும் நடுவே ஒடுங்கினேன்.
முதுகெல்லாம் ஹெர்ரிங் ஜாடியின் குளிர்.
எப்படியும் உள்ளேதான் வந்து சேர்ந்திருக்கிறேன்.

அவர் சொல்லத் தொடங்கினார்:
கல்யாணமான முதல் குளிர்காலம். புயல்.
எனக்கும் குன்வோருக்கும் சண்டை,
பாதியில் மின்சாரம் போய்விட்டது.
மெழுகுவர்த்தி இல்லை. இருட்டில் கையை ஆட்டி என்ன பயன்?
தடவித் தடவி வந்தாள்.
என் உள்ளங்கையைப் பிரித்து
ஒவ்வொரு எழுத்தாக எழுதித் திட்டினாள்.
அவ்வளவு மெதுவாகத் திட்டினால்
ஆறாவது எழுத்துக்கே சிரிப்பு வந்துவிடுகிறது.
யாருடைய சிரிப்பு என்று தெரியவில்லை.
கை குலுங்கியது, அவ்வளவுதான்.

திரையில் துறைமுக விளக்குகள்
வெறும் விளக்குகளாக நின்றன.
நகத்தடியில் கறுப்பு, சுண்டுவிரலில் பழைய தூண்டில் தழும்பு,
எல்லாம் தெரிந்தது.

கதவு திறந்தே கிடக்கிறது என்று
குளிர்பெட்டி கத்தத் தொடங்கியது. பீப், பீப்.
தோர்டிஸ் என்னைப் பார்த்தாள்.
அவர் கைகள் அடுத்த குளிர்காலத்துக்குப் போயிருந்தன.
நாங்கள் இருவரும் அசையவில்லை.