பத்தி நான்கு

லிங்கிச் செட்டித் தெருவில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
தமிழில் சொல்வார்கள், இங்கிலீஷில் அடிப்பேன்,
அடித்ததைத் திரும்பத் தமிழில் வாசித்துக் காட்டுவேன்.
கடைசி வரி எல்லோருக்கும் ஒன்றே:
வாசித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டு கையெழுத்திட்டார்.
புரிந்ததா என்று நான் யாரையும் கேட்டதில்லை.

தர்சிகா வந்தது வியாழக்கிழமை, அம்மாவோடு.
கொளத்தூரில் பல் செட் செய்கிற லேபில் வேலை,
நகக்கண்ணில் இன்னும் வெள்ளை மாவு.
வக்கீல் ஜெசிந்தா அனுப்பிய குறிப்பில் பதினொரு பத்தி.
முகவரியிலேயே ஒரு சிரிப்பு வந்தது.
அவள் புளல் என்றாள்,
நான் புயல் என்றேன்,
ழகரம் இரண்டு பேர் வாயிலும் இல்லை.
தாளில் மட்டும் அது ஒழுங்காக இருந்தது.

நான்காவது பத்தியில் நின்றுவிட்டோம்.
மனுதாரர் இந்தியாவுக்குள் நுழைந்த தேதி.

“நான் எங்கயண்ணா நுழைஞ்சனான்?”

ஸ்டான்லி ஆஸ்பத்திரி,
தொண்ணூற்றொன்று மார்ச் பதினொன்று, விடிகாலை.
அதை எழுதினால் பிறப்பு,
நுழைவு என்கிற கட்டத்தில் அதை வைக்க முடியாது.
கட்டத்தைக் காலியாக விட்டால்
ரிஜிஸ்ட்ரியில் திருப்பிவிடுவார்கள்.

அம்மா அதுவரை பேசவில்லை.
“நீயும் வந்தனிதானே” என்றாள் மகளிடம்.
“ரெண்டு மாசம் அப்ப.
போட்டில எல்லாரும் சத்தி எடுத்தவை,
அதால எனக்கே விளங்கேல்ல.”

பாஸ்போர்ட் இல்லாமல்
கடலைக் கடந்த ஒரு கடுகு.
சட்டத்தில் அதற்கும் பெயர் இருக்கிறது,
ஆறேழு மனுக்களில் ஒன்றில் வரும்.
இரண்டு எழுத்தைத் தட்டினால்
சட்டவிரோதக் குடியேறி
முழுதாக வந்து நிற்கும்படி
என் கணினியில் குறுக்குவழி வைத்திருக்கிறேன்.
வேகத்துக்காகத்தான்.

எண்பத்தேழு ஜூலை ஒன்றுக்கு முன்னால் பிறந்திருந்தால்
இந்த மனுவே இல்லை.
அதற்குப் பிறகு, அம்மா யார் அப்பா யார் என்று கேட்பார்கள்.
மூன்றே முக்கால் வருடம் பிந்திவிட்டாள் இவள்.
நான் எண்பத்தாறு, ராயபுரம்.
எனக்குப் பிறந்தாலே போதுமாக இருந்தது.

எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு.
அப்பாவின் தாத்தா
சவுக்குக் கட்டை ஏற்றிய படகில்
நெல்லூர்ப் பக்கமிருந்து கால்வாய் வழியாக வந்தவராம்.
படகுதான் அதுவும்.
என்ன தேதி என்று எழுதி வைத்தவர் இல்லை,
கேட்டவரும் இல்லை.

இவள் அம்மாவிடம் ஒரு தமிழ் பேசுகிறாள்,
லேபிலிருந்து போன் வந்தால் வேறொன்று:
“இன்னா சார், நாளிக்கு காலைல குடுத்துர்றேன்.”
இரண்டிலும் பிசிறில்லை.
கல்ச்சர் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தார் வக்கீல்,
மொழியாலும் பண்பாட்டாலும் இம்மண்ணோடு, இன்ன பிற.
அடித்தேன்.
எந்தத் தமிழ் என்று அதில் இல்லை.

போனில் ஜெசிந்தா சொன்னார்,
“அம்மாவோட தேதியையே போட்டுடுங்க.”
போட்டேன்.
தொண்ணூறு ஆகஸ்ட்டில் மனுதாரர் நுழைந்தார்.
பிறப்பதற்கு ஏழு மாதம் முன்பே.

வாசித்துக் காட்டும்போது
நுழைந்தார் என்று வாய் வரவில்லை.
வந்து சேர்ந்தார் என்றேன்.
அம்மா தலையாட்டினாள்.
தர்சிகா என்னைப் பார்த்தாள்,
பிறகு தாளை,
அதிலிருந்த இங்கிலீஷை, ஒரு விரலால்.
பன்னிரண்டாவது வரை படித்தவள்.
ஒன்றும் சொல்லாமல் கையெழுத்திட்டாள்.

நூற்றி அறுபது ரூபாய்.
ரசீது வேண்டும் என்றாள்.
இங்கே யாரும் ரசீது கேட்டதில்லை, என்னிடம் புத்தகமும் இல்லை.
“ஏதெண்டாலும் ஒரு துண்டு இருக்கட்டும் அண்ணா.”

வீணாய்ப்போன தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.
பெயர். தொகை. தேதி.
இடம்: சென்னை.